யார் சொன்ன சம்மதம்?

ஷுஜி திரும்பி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இத்தனை வருஷம் எங்கே இருந்தான், என்ன செய்தான் என்று அந்த வீட்டில் இன்னும் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

கேட்கவேண்டிய அண்ணன் தகேஹிகோ, தம்பியைக் கண்டால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறான். அம்மாவின் சாவுக்கு வராதவனிடம் என்ன பேச்சு என்பது அவன் கட்சி. அப்பா கென்ஸோவுக்குப் பிள்ளை வந்ததே போதும். மூக்கில் பிராணவாயுக் குழாயோடு ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி, "ஷுஜி சாப்பிட்டானா?" என்று கேட்பதைத் தவிர அவருக்கு வேறு கேள்வி இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவள் தகேஹிகோவின் மனைவி மிசாவோ.

"மின்சாரம் விக்கிற கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு அண்ணி" என்று வந்த சில நாளிலேயே ஷுஜி சொன்னான். தினமும் காலையில் நீல நிற ஜாக்கெட்டை மாட்டி, கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்து நகரமான தகாஒகாவுக்குப் போகும் ரயிலுக்குக் கிளம்புகிறான். இருட்டிய பிறகு வருகிறான். போன வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, "நம்ம வீட்டு மின்சாரத் திட்டத்தை ஒரு தடவை பாக்கட்டுமா அண்ணா?" என்று ஆரம்பித்தான். தகேஹிகோ சாப்பிடும் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். முள்ளங்கி போட்டுக் கொதிக்கவைத்த புரி மீன் அவன் தட்டில் அப்படியே ஆறிக் கிடந்தது.

அன்று சனிக்கிழமை. மீனை அரைத்து வேகவைக்கும் கமபொக்கோ ஆலையில் காலை வேலையை முடித்துவிட்டு, பனியில் பூட்ஸ் புதையப் புதைய மிசாவோ வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. செல்போன் இல்லை, வீட்டுத் தொலைபேசி. அதில் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது விற்கிறவர்கள்தான். பாதி மனதோடு எடுத்தாள்.

"ஹினாகா மின்சாரத்திலேர்ந்து பேசறோங்க. எங்களைத் தேர்ந்தெடுத்ததுக்கு ரொம்ப நன்றி. அடுத்த மீட்டர் கணக்கு நாள்லேர்ந்து உங்க வீட்டுக்கு எங்க மின்சாரம் வரும்."

தேன் தடவின குரல்.

"யார் வீட்டுக்குன்னு சொன்னீங்க?"

"கமிதே தகேஹிகோ சான் வீடுதானேங்க?"

"வீடு அதுதான். ஆனா நாங்க யாரையும் தேர்ந்தெடுக்கலையே."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை எங்க பிரதிநிதி நேர்ல வந்து விளக்கியிருக்காரு. வீட்டுல ஒருத்தர் சம்மதம் சொல்லியிருக்காங்க. கையெழுத்து இருக்கு. போன்ல குரல் பதிவும் இருக்குங்க."

"சொன்னது யாரு? ஆம்பளையா, பொம்பளையா?"

"மன்னிக்கணும். ஒப்பந்தம் யார் பேர்ல இருக்கோ அவருக்கு மட்டும்தான் அந்த விவரம் சொல்ல முடியும்."

"நான் அவர் பொண்டாட்டிங்க!"

"ரொம்ப மன்னிக்கணுங்க."

போனை வைத்த பிறகும் மிசாவோ கோட்டைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றாள். கோட்டில் ஒட்டியிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது.

இது ஏதோ சோப்பை மாற்றுகிற விஷயம் என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். இந்த வீடு முழுக்க மின்சாரத்தில் ஓடுகிற வீடு. அடுப்பு, தரையைச் சூடாக்கும் கருவி, கொல்லையில் நிற்கும் வெந்நீர்த் தொட்டி எல்லாமே மின்சாரம்தான். வீடு கட்டின புதிதில், இரவில் விலை குறைவாக இருக்கும் ஒரு திட்டத்தில் தகேஹிகோ பதிந்து வைத்தான். ராத்திரியே தண்ணீர் கொதித்துத் தொட்டியில் நிறைந்துவிடும், தரையும் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அந்தத் திட்டத்தில் இப்போது புதிதாக ஒருவரையும் சேர்ப்பதில்லை. உள்ளே இருக்கிறவர்கள் இருக்கலாம். ஒரு தடவை வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான், கதவு சாத்தியாயிற்று. போதாததற்கு அப்பாவின் பிராணவாயு இயந்திரம் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஹினாகா என்ற பெயரையும் அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஆலையில் அவளோடு மீன் முள் எடுக்கும் பெண்ணின் தங்கை அந்தக் கம்பெனி மின்சாரத்துக்குத்தான் மாறினாள். மின்சாரத்தின் மொத்த விற்பனைச் சந்தையில் விலை இறங்கினால் இவர்களிடமும் இறங்கும், ஏறினால் ஏறும். வசந்த காலத்தில் அந்தத் தங்கை எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டாள். பெரும்பனி விழுந்து நாடே சூடுபோட்டுக்கொண்டு உட்கார்ந்த மாதம், பில் மூன்று மடங்காக வந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

முதலில் மிசாவோவுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்தது. எரிவாயுக் கம்பெனி, போன் கம்பெனி, ரயில் கம்பெனி என்று எல்லாரும் மின்சாரம் விற்கிறார்களே, எதுதான் மலிவு என்று பார்க்க அவளும் ஒரு நாள் பேருந்தில் வரும்போது செல்போனில் ஒரு ஒப்பீட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அதில் எதையாவது அழுத்தித் தொலைத்துவிட்டோமோ? ஆனால் கையெழுத்து இருக்கிறது என்றாளே அந்தப் பெண். செல்போனில் எங்கே கையெழுத்துப் போட்டோம்?

செவ்வாய்க்கிழமை. அவள் ஆலையில். தகேஹிகோ துறைமுகத்து ஐஸ் கிடங்கில்.

ஷுஜி?

வெளியே பனி வாரும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு இவாசே அம்மாள். தெருவில் யார் வந்தார், யார் போனார் என்பது அந்த அம்மாளின் கண்ணுக்குத் தப்பாது. மிசாவோவும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இவாசே சான், செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கம் யாராவது மின்சாரம் விக்க வந்தாங்களா?"

"வந்தானே ஒருத்தன்! நான் கதவையே திறக்கல. 'மின் கம்பெனிலேர்ந்து வரோம், இந்தத் தெரு முழுக்க மாறப்போகுது, பில்லைக் காட்டுங்க'ன்னான். எந்த மின் கம்பெனின்னு கேட்டேன். பதிலே இல்லை. பில்லுல இருக்கிற நம்பரை மட்டும் குடுத்துட்டா போதுமாம், மத்ததை அவங்களே பாத்துப்பாங்களாம். திருட்டுப் பசங்க."

"எங்க வீட்டுக்கு?"

இவாசே அம்மாள் மண்வெட்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு யோசனை. சொல்லாமல் இருக்க முடியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"உள்ளேயே போனான். ரொம்ப நேரம் இருந்தான். வெளியே வந்து வாசல்ல நின்னு அவ்வளவு கீழே குனிஞ்சு வணக்கம் வச்சான், எனக்கே கூச்சமாப் போச்சு."

"ஆள் எப்படி?"

"மாஸ்க் போட்டிருந்தான், முகம் தெரியல. நீல ஜாக்கெட்டு. உயரம்..." குரல் தணிந்தது. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. உங்க ஷுஜி உயரம் இருக்கும்."

மிசாவோ பனியை வாருகிற மாதிரி இரண்டு தடவை மண்வெட்டியைப் போட்டாள். கை ஓடவில்லை. திரும்பி உள்ளே போனாள்.

சமையலறையில், விடுமுறை என்று அதுவரை தூங்கிய ஷுஜி எழுந்து வந்து, தானே சோற்றை உருட்டிக் கடற்பாசித் தாளைச் சுற்றிக்கொண்டிருந்தான். தலைமுடி கலைந்து, கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. பார்த்தால் பாவமாக இருக்கும். பாவம் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் இப்படி ஆகிறது என்று மிசாவோ நினைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கும் ஒண்ணு செய்யட்டுமா அண்ணி?"

"ஷுஜி, உன் கம்பெனி பேரு என்ன?"

"ஏன்?"

"ஹினாகாவா?"

அவன் கையிலிருந்த உருண்டை பாதியில் நின்றது. மெதுவாகத் தட்டில் வைத்தான்.

"யார் சொன்னா?"

"அவங்களே சொன்னாங்க. போன் பண்ணி நன்றி சொன்னாங்க. நம்ம வீட்டு மின்சாரம் மாறியாச்சாம்."

"நம்ம வீடா?" அவன் முகம் வெளுத்துப்போயிற்று. "அது எங்க கம்பெனிதான். ஆனா நான் இல்லை."

"நீ இல்லையா? அப்ப செவ்வாய்க்கிழமை நீல ஜாக்கெட் போட்டுக்கிட்டு, உன் உயரத்துல, இந்த வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டுப் போனது யாரு? பனி பொம்மையா?"

"நான் தகாஒகா பக்கம்தான் போறேன் அண்ணி. இந்தத் தெருவுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை."

"போன வாரம் நீதானே ஆரம்பிச்சே? அண்ணன் ஒத்துக்கலைன்னதும் பின்வாசல் வழியா வந்துட்டியா? விக்கறதுக்கு ஊருல வேற வீடே கிடைக்கலையா உனக்கு?"

இப்படித் தாக்கினால் முன்பெல்லாம் ஷுஜி எகிறிக் குதிப்பான். இப்போது கழுவுதொட்டியின் குழாயைத் திறந்து, கையைக் கழுவி, துணியில் விரல் விரலாகத் துடைத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"வீட்டுக்கு வந்து வித்தா, தாளைக் குடுத்த நாள்லேர்ந்து எட்டு நாளைக்குள்ள ரத்து பண்ணலாம். காரணமே சொல்ல வேண்டாம். ஆனா போன்ல சொன்னீங்கன்னா இழுத்தடிப்பாங்க, அப்புறம் சொல்லவே இல்லைன்னுடுவாங்க. எழுத்துல போகணும். மின்னஞ்சல் போதும், நகல் ஒண்ணு வச்சுக்குங்க. அண்ணன் பேர்ல இருக்கணும். இன்னைக்கே அனுப்பிடுங்க அண்ணி. நாளைக்குன்னு தள்ளாதீங்க."

ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

"சனிக்கிழமை எங்கே போறே?"

"கொஞ்சம் வெளியில."

சோற்று உருண்டை தட்டிலேயே இருந்தது. மிசாவோ அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். செய்தவனே எப்படி ரத்து செய்வது என்று சொல்லிக்கொடுப்பானா? அல்லது செய்துவிட்டு, பயந்து, இப்போது துடைக்கப் பார்க்கிறானா? எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அவன் முகம் வெளுத்ததற்கு ஒரு காரணம் மிச்சம் இருந்தது.

மாமனாரின் அறையில் தொலைக்காட்சி உரக்க ஓடியது. புத்தாண்டு மாதத்து சூமோ போட்டி. மிசாவோ தேநீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரை அவளும் அப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கட்டுமா அப்பா?"

"வேண்டாம், வேண்டாம். இவன் இப்ப தள்ளிடுவான் பாரு."

மல்லர்கள் இன்னும் உப்புத் தூவிக்கொண்டிருந்தார்கள். தள்ளுவதற்கு நேரம் இருந்தது. ஆனால் கென்ஸோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிராணவாயு இயந்திரம் மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஷுஜி எங்கே?"

"வெளியில போயிருக்கான்."

"அவனை ஏம்மா திட்டினே?"

"திட்டலப்பா. ஒண்ணு கேட்டேன், அவ்வளவுதான்."

கிழவர் தேநீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். பிறகு, திரையைப் பார்த்தபடியே, ரொம்ப சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அந்த ஒப்பந்தத்தை ரத்து பண்ணிட்டா, அவனை வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களா?"

மிசாவோ நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சமையலறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் கதவு மூடியிருந்தது. சூமோ சத்தம் வேறு. அவள் திட்டினது காதில் விழுந்திருக்கும், கத்தினாள். ஷுஜி ரத்து பற்றிச் சொன்னதெல்லாம் அடங்கின குரலில்.

"எந்த ஒப்பந்தம்ப்பா?"

கென்ஸோ தேநீர்க் கோப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தார்.

"அப்பா. எந்த ஒப்பந்தம்?"

அவள் எட்டி ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை அணைத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் சூமோ பார்க்கும்போது அவள் அதை அணைத்ததே இல்லை. அவரும் ஏன் அணைத்தாய் என்று கேட்கவில்லை.

"நல்லாப் பேசினான்மா அந்தப் பையன்" என்றார் கடைசியில். "முப்பது முப்பத்தஞ்சு இருக்கும். 'நான் ஷுஜியோட வேலை பாக்கறேன். அவருக்கு இந்த மாசம் ஒரு வீடுகூட அமையல. இன்னும் ஒண்ணு சேரலைன்னா கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க. அவர் வாய்விட்டு உங்ககிட்ட கேக்க மாட்டாரு, அதான் நான் வந்தேன்'ன்னான். நம்பர் கேட்டான், குடுத்தேன். போன்ல ஒரு பொண்ணு 'சம்மதமா'ன்னு கேட்டா, சம்மதம்னேன்."

"கையெழுத்து?"

"தகேஹிகோன்னு போட்டேன். நான் வச்ச பேருதானே."

"அப்பா!"

"என்னை என்ன பண்ணச் சொல்றே?" அவருக்கு மூச்சு இரைத்தது. குழாயைச் சரிசெய்துகொண்டு, ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தையாகப் பேசினார். "அவன் அம்மா சாவுக்கு வரல. இப்ப வேலை போச்சுன்னா மறுபடியும் கிளம்பிடுவான். அப்புறம் என் சாவுக்கும் வரமாட்டான். மின்சாரம் யார்கிட்ட வாங்கினா என்ன? விளக்கு எரிஞ்சா சரி."

கோபம் கோபமாக வந்தது மிசாவோவுக்கு. அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை. ராத்திரித் திட்டம் போனால் திரும்பாது என்று விளக்கினாள். இந்த இயந்திரம் பகலிலும் ஓடுகிறதே, பனி நாளில் அவர்கள் விலையை ஏற்றினால் என்ன செய்வோம் என்று கேட்டாள். அவர் தலையணைக்கு அடியில் கையை விட்டு, மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார். குழந்தை எடுத்து ஒளித்த சாமானைத் திருப்பித் தருகிற மாதிரி.

"தகேஹிகோகிட்ட நீ செஞ்சேன்னு சொல்லிடேன்."

"அதெல்லாம் முடியாதுப்பா. நீங்களே சொல்லுங்க."

தகேஹிகோ இருட்டும் நேரத்தில் வந்தான். ரப்பர் காலணியைக் கழற்றும் முன்பே மிசாவோ வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். முதல் வரியிலேயே அவன், "ஷுஜி" என்று பல்லைக் கடித்தான்.

"ஷுஜி இல்லை. முழுசாக் கேளுங்க."

அப்பாவின் அறைக்குப் போனார்கள். கென்ஸோ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, தலையை வாரியிருந்தார்.

"நான்தான் போட்டேன். உன் பேரை."

தகேஹிகோ அப்பாவையே பார்த்தான். அவன் கத்துவான் என்று மிசாவோ தயாராக நின்றாள். அவன் கத்தவில்லை.

"எனக்கு வேலை போகும்னா இப்படிப் பொய் கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பதிலாகவே எடுத்துக்கொண்டு தகேஹிகோ சமையலறைக்குப் போனான்.

மேஜையில் தாள்களைப் பரப்பி, செல்போனில் ஒற்றை விரலால் தட்டினான். செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்து விற்ற ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன். பெயர், முகவரி, தேதி. மிசாவோ பக்கத்தில் நின்று பிழை பார்த்தாள். அனுப்பினார்கள். திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதோடு விடாமல் தகேஹிகோ அந்தக் கம்பெனிக்கே போன் போட்டு, மிசாவோவும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தான்.

பகலில் பேசிய அதே தேன் குரல். ஒப்பந்தக்காரரே பேசுவதால் இந்தத் தடவை மறைக்கவில்லை. ரத்து வந்து சேர்ந்துவிட்டது என்றாள். மாற்றும் நாள் இன்னும் வராததால் பழைய நிறுவனத்தில் பழைய திட்டம் எந்த மாறுதலும் இல்லாமல் அப்படியே ஓடும், பதில் இன்றே எழுத்தில் வரும் என்றாள். சொன்னபடியே, பேசிக்கொண்டிருக்கும்போதே செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. பதில்.

மிசாவோ நாற்காலியில் உட்கார்ந்தாள். மதியத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

"இன்னொண்ணு" என்றான் தகேஹிகோ. "என் தம்பி உங்ககிட்டதான் வேலை பாக்கறான். கமிதே ஷுஜி. எங்க வீட்டால அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. அவன் மேல தப்பில்லை. அதைக் குறிச்சு வச்சுக்குங்க."

மிசாவோ கணவனைத் திரும்பிப் பார்த்தாள். தம்பியின் பெயரை அவன் முழுசாகச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று!

"ஒரு நிமிஷம் இருங்க." தட்டச்சுச் சத்தம். அது நின்றது. மறுபடி ஆரம்பித்தது. "மன்னிக்கணும். அந்தப் பேர்ல இப்ப எங்ககிட்ட யாரும் வேலையில இல்லைங்க."

"வெளியில ஏஜென்சி வச்சு விக்கிறீங்களே, அதுல?"

"அதையும் சேர்த்துத்தான் பார்த்தேங்க."

"இப்ப இல்லைன்னா?" என்று மிசாவோ குறுக்கே புகுந்தாள். "முன்னாடி இருந்தாரா?"

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க. ரொம்ப மன்னிக்கணும்."

மறுமுனையில் போனை வைத்துவிட்டாள்.

தகேஹிகோ செல்போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான். அப்படியானால் அந்த அடையாள அட்டை? தினமும் தகாஒகா ரயிலேறி அவன் போகிற இடம்? அவன் பெயரையும் அவன் அப்பாவின் மனதையும் இவ்வளவு சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவன் யார்? மிசாவோ நிமிர்ந்தபோது, பக்கத்து அறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. குழாயை மூக்கில் பிடித்தபடி, அது எட்டுகிற தூரம் வரை நடந்து வந்து கென்ஸோ நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.

வாசல் கதவு சறுக்கித் திறந்தது. காலணியில் ஒட்டின பனியைத் தட்டும் சத்தம்.

"நான் வந்துட்டேன்" என்றது ஷுஜியின் குரல்.

நேற்று வரை அதற்கு உள்ளேயிருந்து "வா" என்று பதில் கொடுத்தவர் அந்த வீட்டில் கென்ஸோ ஒருவர்தான். இன்று அவரும் வாயைத் திறக்கவில்லை.